பெருச்சாளிக்கு வெச்ச சந்தனம்

பையை மேல போடச் சொல்லாதீங்க சார், மடியிலயே இருக்கட்டும். உள்ள கீபோர்டு இருக்கு. அட, என்னைப் பாத்தா கச்சேரிக்குப் போறவன் மாதிரியா இருக்கு? வாசிக்கிறது இல்ல சார், டைப் அடிக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால கிடக்குமே, அது. திண்டுக்கல்லுல ஏறுனதுலருந்து கண்டக்டரும் மேல போடுங்க, மேல போடுங்கன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. இந்த பஸ்ஸு குலுக்குற குலுக்குல மேலருந்து விழுந்து ஒரு பட்டன் பேந்துச்சுன்னா, நாளைக்குக் கோயமுத்தூர்ல நான் எதை வெச்சுக் காட்டுறது?

நீங்க எதுவரைக்கும்? பொள்ளாச்சியா? அப்ப நிறைய நேரம் இருக்கு. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். வீட்டுல கேட்டா சிரிக்கிறாங்க, கடைத்தெருவுல கேட்டா அதுக்கு மேல சிரிக்கிறாங்க. நீங்க வெளியாளு, யாரு பக்கமும் சாயமாட்டீங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க.

அந்தா, முன்னால லேடீஸ் சீட்டுல, மஞ்சச் சேலை, பக்கத்து அம்மாகிட்ட ஏழு ஜென்மம் பழகுன மாதிரி பேசிக்கிட்டு வர்றாளே, அதுதான் என் வீட்டுக்காரி. பேரு ஞானாம்பிகை. ஞானான்னு கூப்பிடுவோம். நாளைக்குக் கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பெரிய கூட்டம். அவளுக்கு மேடை, மைக்கு, பொன்னாடை எல்லாம் உண்டு. எனக்கு இந்தப் பை. அவ பேரு உலகம் பூரா இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள போயிருக்கு சார். என் பேர்ல ஒரு எழுத்து கூடப் போகல. ஆனா அந்தக் கண்டுபிடிப்புக்கு முழுக் காரணம் யாரு? நான். அதைத்தான் சொல்ல வர்றேன்.

எங்களுக்கு காலேஜுக்கு எதிர்ல கடை. 'சவுந்தர்யா ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்'. என் பேரு சவுந்தரராஜன். பேரைப் பூரா எழுதுனா போர்டுல ஜெராக்ஸுக்கு எடம் பத்தலன்னு பெயிண்டர் பாதியில நிறுத்திட்டான். பாருங்க, எனக்குப் போர்டுலயே பாதிப் பேருதான். டைப் அடிக்கிறது ஞானா. மத்ததெல்லாம் நான். மத்ததுன்னா ஜெராக்ஸு, கஸ்டமரு, கரண்டு ஆபீஸு, பூஜை. பூஜையில மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முன்ன நாங்க டைப் அடிச்சது யாரோ காப்பி போட்டுக் குடுத்த சாப்ட்வேர்ல. அதை ஒருநாள் வைரஸ் வந்து சுத்தமாத் தின்னுடுச்சு. அப்பத்தான் ஞானா அந்த காலேஜ்ல சனிக்கிழமை வகுப்புன்னு ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து, "ஏங்க, ஒரு எடிட்டர் இருக்கு, மார்மட்னு பேரு, எழுதறதுக்கு அவ்வளவு லேசா இருக்கு"ன்னா. என்ன விலைன்னு கேட்டேன். சும்மாவாம். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா உள்ள புகுந்து என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாம், தப்பு இருந்தா திருத்திக் குடுக்கலாம். நாடு நாடா ஆளுங்க, சம்பளம் இல்லாம, அவங்கவங்க வீட்டுலருந்து செய்யறாங்களாம். எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. முன்னபின்ன தெரியாதவன் சும்மா குடுக்கறான்னா எதுக்குக் குடுக்கறான்? வேணாம்னுதான் சொல்ல வாயெடுத்தேன்.

அப்ப அதோட படத்தைக் காட்டுனா. மார்மட்ங்கறது ஏதோ குளிர் நாட்டுப் பிராணியாம். சரியான பெருச்சாளி சார்! ரெண்டு கால்ல நின்னு கை கூப்புற மாதிரி வேற இருக்கு. பிள்ளையாரோட வாகனமே கடை தேடி வந்திருக்கு, வேணாம்னு சொல்ல நான் யாரு? போடுன்னுட்டேன். அன்னையிலருந்து எங்க கடையில அதுக்குப் பேரு பெருச்சாளிதான். ரெண்டு வருஷம் ஒரு குறை இல்ல. எவ்வளவு பெரிய தீஸிஸா இருந்தாலும் பட்டுன்னு தொறக்கும், ஒரு எழுத்தை முழுங்காது.

போன ஆயுத பூஜை வந்துச்சு. எங்க தெருவுல எல்லாரும் செய்யறதுதான், ஆனா நான் செய்யற மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க. ஜெராக்ஸ் மெஷினுக்கு மாலை, லேமினேஷனுக்குக் கதம்பம், கத்தரிக்கோலு, ஸ்டேப்ளரு, ஒண்ணு விடாம சந்தனம் குங்குமம். மத்தவன்லாம் விரல் நுனியில தொட்டு ஒரு புள்ளி வெப்பான். அது என்ன, சாமிக்கா, கொசுவுக்கா? நான் கட்டை விரலால அள்ளி, நல்லா அப்பி, அதும் மேல குங்குமம் வெப்பேன். கல்லுல அரைச்ச சந்தனம் சார், டப்பா சந்தனம் இல்ல. கீபோர்டுக்கு எங்க வெக்கறது? நெத்தியிலதான வெக்கணும். கீபோர்டுக்கு நெத்தி எது? மேல் வரிசை. வரிசைக்கு நடு எது? எஃப் ஏழுன்னு ஒரு பட்டன் இருக்கு. அதுலதான் அப்புனேன். பாக்க அவ்வளவு லட்சணமா இருந்துச்சு.

அடுத்த வேலை நாள்ல ஆரம்பிச்சுது சனியன். ஞானா டைப் அடிச்சுக்கிட்டே இருக்கா, பெருச்சாளி பொசுக்குன்னு காணாமப் போயிடுச்சு. ஒரு வார்த்தை இல்ல, ஒரு எச்சரிக்கை இல்ல. அடிச்சது அத்தனையும் போச்சு. திரும்பத் தொறந்தா, திரும்பவும் போச்சு. அப்ப கையில இருந்தது யாரு வேலைன்னு நினைக்கறீங்க? நூருன்னிசாவோடது.

நூருன்னிசா அந்த காலேஜ்ல டாக்டர் பட்டத்துக்குப் படிச்ச பொண்ணு. கிணறு வெட்டும்போது ஆளுங்க பாடுவாங்கல்ல, அந்தப் பாட்டையெல்லாம் ஊர் ஊரா அலைஞ்சு சேத்துச்சு. நாலு வருஷம். அது எழுதுறதும் ஞானா அடிக்கிறதுமா நடந்துக்கிட்டு இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கலன்னா பதிவே காலாவதி ஆயிடுமாம். திரும்ப முதல்லருந்து. நாங்க அடிச்சு முடிச்சு, அது படிச்சுத் திருத்தி, நாங்க திருத்தத்தைப் போட்டுத் தரணும். இந்த நேரத்துலதான் பெருச்சாளி வளைக்குள்ள ஓடுது.

உள்ள இருந்து சரி பண்றவங்களுக்கு எழுதுவோம்னு ஞானா சொன்னா. எழுதறதுக்கு அவங்ககிட்ட ஒரு கணக்கு தொறக்கணுமாம், அதுக்கு மெயில் வேணுமாம். எனக்கு மெயில் இருக்கு சார். எங்க தெருவுல மொத மெயிலே என்னுதுதான். பாஸ்வேர்டுதான் மறந்துபோச்சு. கடை நம்பரைப் போட்டேன், வண்டி நம்பரைப் போட்டேன், பிள்ளையார் பேரு ஒவ்வொண்ணாப் போட்டேன். 'தவறு, தவறு'ன்னு சொல்லிட்டுக் கடைசியில கதவையே சாத்திடுச்சு. அவசரத்துக்கு ஞானா பேர்ல தொறந்தோம். அந்த ஒரு காரணத்தாலதான் சார் அவ பேரு வந்துச்சு. இதை மனசுல வெச்சுக்கங்க.

கடுதாசி யாரோடதுன்னா, என்னுது. நான் நின்னுக்கிட்டுச் சொல்லச் சொல்ல அவ இங்கிலீஷ்ல அடிச்சா. "ஐயா, உங்க பெருச்சாளி எங்க பொழப்பைக் கொதறுது. ஒரு பொண்ணோட நாலு வருஷப் படிப்பு நடுத்தெருவுல நிக்குது. மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா ஒடனே சரி பண்ணுங்க. இல்லேன்னா பிள்ளையார் பாத்துக்குவாரு." அப்படியே நறுக்குன்னு சொன்னேன். அவளும் தடதடன்னு அடிச்சா. நான் சொன்னதை விடக் கொஞ்சம் கூடவே அடிச்ச மாதிரி தெரிஞ்சுது.

பதில் வந்துச்சு. பின்லாந்துன்னு ஒரு நாடு, அங்கருந்து எஸ்கோன்னு ஒரு ஆளு. ஞானா படிச்சுக் காட்டுனா. "உங்கள் அன்பான, தெளிவான கடிதத்துக்கு ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையா விளக்கி யாரும் எனக்கு எழுதுனதில்ல"ன்னு இருக்கு. நான் அசந்துட்டேன் சார். அந்தத் திட்டு திட்டியிருக்கேன், ஆளு நன்றி சொல்றான்! எவ்வளவு நல்ல மனுஷனா இருக்கணும்? அதுலருந்து எனக்கு எஸ்கோ மேல ஒரு மரியாதை.

ஆனா அந்த ஆளு கேட்ட கேள்வி கொஞ்சமா? எந்தத் தமிழ் எழுத்துரு போட்டிருக்கீங்க, அதை மாத்திப் பாருங்க. மாத்துனோம், போச்சு. ஃபைல் பெருசோ என்னமோ, அத்தியாயம் அத்தியாயமா வெட்டிப் பாருங்க. வெட்டுனோம், போச்சு. விழற நேரத்தையெல்லாம் குறிச்சு அனுப்புங்க. ஞானா குறிச்சுக்கிட்டே இருந்தா. சிலநாள் தொந்தரவே இருக்காது. ஞானா பாட்டுக்கு அடிப்பா, நூருன்னிசா மூஞ்சியில சிரிப்பு வரும். திடீர்னு ஒருநாள் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா விழும். அந்தப் பொண்ணு ஸ்டூல்ல உக்காந்து துப்பட்டா முனையைக் கடிச்சுக் கடிச்சு நூலாக்கிடுச்சு. "அக்கா, விடிய விடியக் கையால எழுதிக் குடுத்தா ஏத்துக்குவாங்களாக்கா?"ன்னு கேட்டுச்சு.

நான் சும்மா இருப்பேனா? எனக்கு மொதல்லயே தெரியும், இது பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரன் கண்ணு. எங்க கடையில வரிசை நிக்கறதை அந்த ஆளு பாக்குற பார்வையே சரியில்ல. எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். பூசணிக்காய் உடைச்சேன். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும்தான் போடுவேன். இந்தக் கஷ்டம் வந்ததுலருந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கீபோர்டுக்குப் புதுச் சந்தனமும் வெக்க ஆரம்பிச்சேன். பழசு மேலயே. அதே எடத்துலதான், நெத்தியில. போன வாரத்தை விட இந்த வாரம் கொஞ்சம் கூடவே. கஷ்டம் கூடக் கூட சாமிக்குச் செய்யறதும் கூடணும்ல?

என்ன சார் இருமுறீங்க? தண்ணி வேணுமா? சரி சரி.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள நூருன்னிசா தீஸிஸு உள்ள போயாகணும். கடைசி ரெண்டு அத்தியாயம் திருத்தம் மட்டும் பாக்கி. முக்கியமான நாளாச்சேன்னு காலையில கடை தொறந்ததும் நான் குளிச்சு முழுகி, அரைச்சு, கீபோர்டுக்கு நல்லா நாலு வெரக்கடை அகலத்துக்கு அப்பிவிட்டேன். ஞானா வந்து உக்காந்தா. விழுந்துச்சு. தொறந்தா, விழுந்துச்சு. நாலு வரி திருத்துறதுக்குள்ள விழுது. நூருன்னிசா அழுவக் கூட இல்ல, சொவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருச்சு. அது எனக்கு அழுகையை விட மோசமா இருந்துச்சு.

ஞானா எஸ்கோவுக்கு எழுதுனா, இன்னிக்குத்தான் கடைசி, இன்னிக்குத்தான் ரொம்ப மோசம்னு. அந்த ஆளு ஒடனே பதில் போட்டாரு. இவ குறிச்சு அனுப்புனதையெல்லாம் பக்கத்துல வெச்சுப் பாத்திருப்பாரு போல. ஒரே ஒரு கேள்விதான். "எனக்கு இதுல ஒண்ணுதான் புரியுது. வெள்ளிக்கிழமை கூடுது, அடுத்தடுத்த நாள் குறையுது, மறுபடி வெள்ளிக்கிழமை கூடுது. உங்க கடையில வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்?"

ஞானா அதைப் படிச்சுட்டு நிமிந்தா. நான் அப்பத்தான் சந்தனக் கிண்ணத்தோட வர்றேன். காலையில வெச்சது பத்தலையோன்னு இன்னொரு தடவை வெக்க. அவ என்னைப் பாத்தா. கிண்ணத்தைப் பாத்தா. கீபோர்டைப் பாத்தா. வயரைப் புடுங்கி, கீபோர்டைத் தூக்கி, நகத்தை விட்டு அந்த எஃப் ஏழைப் பேத்தா. அடியில மூணு வாரச் சந்தனம், அல்வாத் துண்டு மாதிரி. பட்டன் மேலயும் ஏற முடியாம கீழயும் எறங்க முடியாம நடுவுல தத்தளிச்சுக்கிட்டு இருந்திருக்கு. ஈரமா இருக்கறப்ப அதுபாட்டுக்குத் துடிக்கும், காய்ஞ்சா அடங்கும். வெள்ளிக்கிழமை நான் திரும்ப ஈரமாக்கி விடுவேன்.

திட்டுவான்னு நினைச்சேன். சிரிச்சா சார். வயித்தைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, அந்த நெருக்கடியிலயும் சிரிச்சா. நூருன்னிசாவும் சேந்துக்கிச்சு. எனக்குக் கோவம். சந்தனத்துல என்ன சிரிப்பு வேண்டியிருக்கு? அப்புறம் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில கிடந்த பழைய கீபோர்டை எடுத்து மாட்டுனா. அதுல பாதி எழுத்து அழிஞ்சிருக்கும், ஆனா அவ எங்க பாத்து அடிக்கிறா? ஒரு தடவை கூட விழல. முடிச்சு, அச்செடுத்து, பைண்டிங் ஈரம் காயறதுக்குள்ள நூருன்னிசா தூக்கிக்கிட்டு ஓடுச்சு. பீரோவைப் பூட்டப் போன கிளார்க்கு கையைப் புடிச்சுக் குடுத்துட்டு வந்துச்சாம்.

இப்ப அது டாக்டர் நூருன்னிசா. போன மாசம் பிரியாணியோட கடைக்கு வந்துச்சு. டப்பாவை ஞானா கையில குடுத்து, "அக்கா, உங்களாலதான்"னு கட்டிப்புடிச்சு அழுதுச்சு. என்னைப் பாத்து, "அண்ணே, நீங்களும் சாப்புடுங்க"ன்னுச்சு. நீங்களும்!

இங்கதான் சார் விஷயமே இருக்கு. சந்தனத்தால பட்டன் ஒட்டுனது பட்டனோட தப்பு. சரி, ஒத்துக்கறேன். ஆனா பட்டன் ஒட்டுனா எடிட்டர் எதுக்குச் சாகணும்? அந்தக் கேள்வியை ஞானாதான் எஸ்கோகிட்ட கேட்டா. எஃப் ஏழை அமுக்குனா அந்த வரிக்கு ஒரு அடையாளம் வெக்கும், திரும்ப அமுக்குனா எடுத்துடும். எடுத்துடும்னு பேரு. உண்மையில எடுத்ததைத் தூக்கி எறியாம உள்ளயே ஒரு மூலையில சேத்துச் சேத்து வெச்சிருக்கு. எங்க வீட்டுல ஞானா மெத்தைக்கு அடியில ஜவுளிக் கடைக் கவரையெல்லாம் சேப்பாளே, அந்த மாதிரி. மனுஷன் நாளைக்கு ரெண்டு தடவை அமுக்குனா ஒண்ணும் தெரியாது. நம்ம சந்தனம் நிமிஷத்துக்கு நூறு தடவை அமுக்கியிருக்கு. எடம் இல்லாம வெடிச்சுடுச்சு. ஒம்போது வருஷமா உள்ள இருந்த தப்பாம் அது. உலகத்துல இத்தனை படிச்சவங்க இருந்தும் ஒருத்தர் கண்ணுலயும் படல. எப்படிப் படும்? ஒருத்தராவது முறையா ஆயுத பூஜை பண்ணியிருக்கணும்ல?

எஸ்கோ தன் கண்ணால பாக்கணும்னாரு. அந்த ஊர்ல சந்தனத்துக்கு எங்க போவாரு? பற்பசையைத் தடவிப் பாத்தாராம், நடக்கல. ஜாம் தடவுனாராம், எறும்பு கூட வரல. ஞானா சந்தனக் கட்டையை பார்சல்ல அனுப்பறேன்னா. வெளிநாட்டுக்குச் சந்தனக் கட்டை அனுப்புனா கடைக்குப் போலீஸ் ஜீப்பே வந்துடும்னு நான்தான் தடுத்தேன். அப்புறம் வீடியோவுல காட்டச் சொன்னாரு. மொதல்ல ஞானா வெச்சா. அவ கை உங்களுக்குத் தெரியாது, பூ வெக்கற மாதிரி ஒத்தி எடுப்பா. பெருச்சாளி அசையவே இல்ல. கரைச்சு வெச்சா, கெட்டியா வெச்சா. ம்ஹூம். கடைசியில என்னைக் கூப்பிட்டா. நான் வேட்டி கட்டி, திருநீறு பூசி, உக்காந்து, கட்டை விரலால ஒரே அப்பு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள பெருச்சாளியைக் காணோம்! எஸ்கோ எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு சார். அவரு சம்சாரம் அடுப்படியிலருந்து ஓடி வந்து எட்டிப் பாத்துச்சு. இந்த உலகத்துலயே அந்தத் தப்பை வரவழைக்க முடிஞ்ச ஒரே கை இது. பாருங்க, இந்த விரல்தான்.

சரி பண்ணிப் புதுப் பதிப்பு விட்டாங்க. கண்டுபிடிச்சுச் சொன்னவர்னு பேரு போட்டாங்க. ஞானாம்பிகை, திண்டுக்கல். அவ்வளவுதான். கணக்கு யாரு பேர்ல இருக்கோ அவங்க பேரைத்தான் அது எடுக்குமாம். நான் மூணு நாள் சரியாச் சாப்புடல. அவ கேட்டா, "என்னங்க, வயிறு சரியில்லையா?"ன்னு. எப்படிச் சொல்றது? பொண்டாட்டி பேரு வந்ததுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கேன்னு சொல்ல முடியுமா? அதுக்கும் மேல, இந்தக் கண்டுபிடிப்பைப் பத்திப் பேச அவளைக் கூப்பிட்டு இந்தக் கூட்டம். நாளைக்கு அவ பேசுவா. பேசிட்டு, "இப்ப சரியாயிடுச்சு, பாருங்க"ன்னு சொல்லுவா. அப்ப நான் மேடையேறி சந்தனத்தை அப்பணும். எதுவும் நடக்காது. கை தட்டுவாங்க. யோசிச்சுப் பாருங்க சார், நான் வெச்சு ஒண்ணுமே நடக்காததுக்குக் கை தட்டு!

பழனி தாண்டிட்டமா? கொஞ்சம் கிட்ட வாங்க. இது அவளுக்குத் தெரியாது.

நேத்து மத்தியானம் ஞானா ஜாக்கெட் வாங்க டெய்லர் கடைக்குப் போயிருந்தா. நான் புதுப் பதிப்புல ஒத்திகை பாத்தேன். எஃப் ஏழுல அப்புனேன், ஒண்ணும் ஆகல. இன்னும் அப்புனேன், ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. மனசு கேக்காம பக்கத்துல எஃப் எட்டுலயும் சேத்து ஒரு அப்பு. அது அடுத்த அடையாளத்துக்குத் தாவுற பட்டனாம். சார், விழுந்துச்சு! திரும்பத் தொறந்தேன், திரும்பவும் விழுந்துச்சு! ஒண்ணு அடையாளத்தை எடுத்துக்கிட்டே இருக்கு, இன்னொண்ணு எடுத்த எடத்துக்கே தாவுது, கால் வெக்க எடமில்லாம கவுந்துடுது. இது வேற தப்பு. புத்தம் புதுசு. முழுக்க முழுக்க என்னுது. வேட்டி முனையால தொடச்சு, கீபோர்டைப் பையில வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி உக்காந்துக்கிட்டேன்.

நாளைக்கு அவ "சரியாயிடுச்சு"ன்னு சொல்லி முடிக்கணும். நான் போய் ரெண்டு பட்டன்லயும் வெப்பேன். அத்தனை பேருக்கு முன்னால பொத்துன்னு விழும். கூட்டமே வாயைப் பொளக்கும். இது யாருய்யா கண்டுபிடிச்சதுன்னு கேப்பாங்க. அப்ப முழுப் பேரைச் சொல்லுவேன், இனிஷியலோட. எப்படி?

என்ன சார், ஏன் முன்னாலயே பாத்துக்கிட்டு இருக்கீங்க? ஆமா, அவ மடியில வெச்சிருக்கறது நாளைக்குப் பேசறதுதான். ஒரு வாரமா கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாக்கறா. மைக்கு புடிச்சுப் பழக்கமில்ல, கல்யாண வீட்டுல கூட ஓரமா நிக்கிறவ. நேத்துக் காலையில கூட, "நடுவுல மறந்துட்டா நீங்க கண்ணைக் காட்டுங்க, உங்களைப் பாத்துச் சொல்லிடுவேன்"ன்னா.

என்னைப் பாத்துக்கிட்டேதான் "சரியாயிடுச்சு"ன்னு சொல்லுவா.

சே. என்ன பேரு, பெரிய பேரு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க சார், எந்திரிக்கணும். பையைப் புடிங்க. கீழ வெச்சுடாதீங்க.

ஞானா! ஏ ஞானா! நாளைக்கு அந்தக் கடைசி வரியைச் சொல்லாத! சரியாகல! எஃப் எட்டுலயும் சேத்து வெச்சா விழுந்துடுது! ஆமா, நான்தான்! நேத்து, நீ டெய்லர் கடைக்குப் போனப்ப! உன் பேர்லயே எழுதிப் போட்டுடு, எனக்கு ஒண்ணும் வேணாம்!

என்ன சிரிக்கறா? தெரியுமாம் சார்! "வந்ததுமே தெரியும். கீபோர்டைத் தொட்டா கோயில் பிரகாரம் மாதிரி மணக்குது. வேட்டியில தொடச்சா வாசம் போயிடுமா?"ங்கறா. ரெண்டு பட்டன்லயும் கறை இருந்துச்சாம். அவளும் அமுக்கிப் பாத்தாளாம், விழுந்துச்சாம். எஸ்கோவுக்கு நேத்தே எழுதியாச்சாம். நாளைக்கு அதைத்தான் பேசப் போறாளாம். இரு இரு, என்ன சொன்ன? யாரு பேர்ல?

என் பேர்லயாம்! கேட்டீங்களா சார்? பஸ்ஸுல இருக்கற எல்லாரும் சாட்சி. முழுப் பேரா ஞானா? "முழுப் பேரு, இனிஷியலோட"ங்கறா!

ஒரு நிமிஷம். என் பேர்ல எழுதணும்னா என் மெயில் வேணுமே. அதுதான் பாஸ்வேர்டு மறந்து பூட்டிக்கிச்சே. ஞானா! எதைப் போட்டுத் தொறந்த?

...கல்யாணத் தேதியாம். செப்டம்பர் பன்னெண்டு. பஸ்ஸே சிரிக்குது பாருங்க, டிரைவரு கண்ணாடியில பாத்துச் சிரிக்கறாரு. கடை நம்பரைப் போட்டேன், வண்டி நம்பரைப் போட்டேன், பிள்ளையார் பேரு அத்தனையும் போட்டேன். இது தோணல சார் எனக்கு. அவளுக்கு மொதத் தடவையே தோணியிருக்கு.

இப்ப பஸ்ஸு பூரா என் பாஸ்வேர்டு தெரிஞ்சுபோச்சு. பையைக் குடுங்க, எறங்குனதும் மாத்திப்புடணும். வேணாம். இருக்கட்டும். மாத்துனா திரும்ப மறந்துடுவேன். இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருந்தா, வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் எனக்கு ஞாபகப்படுத்துவீங்கல்ல?